காட்டின் எடை எங்கே தேங்குகிறது?

அவையோரே, ஒரு நிலத்தில் நிற்கும் மரஞ்செடிகொடிகளின் உலர் எடையைத்தான் தாவர உயிர்த்திரள் என்கிறோம். மழையும் வெயிலும் மிகுந்தால் அதுவும் மிகும் என்று பலர் எண்ணுகிறார்கள். பாதிதான் சரி. மழையும் வெப்பமும் தருவது வளர்ச்சி வேகம். நிற்கும் எடையோ, வளர்ச்சி என்னும் வரவில் சாவு என்னும் செலவு போக மிஞ்சிய இருப்பு.

அமேசானைப் பாருங்கள். மேற்கே ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த இளம் மண், சத்து மிகுந்தது. மரங்கள் விரைந்து வளர்கின்றன, விரைந்தே சாகின்றன, கட்டையும் மென்மை. வடகிழக்கில் கயானாப் பகுதியின் மண் மிகப் பழையது, சத்துக் குறைந்தது. அங்கே மரங்கள் மெல்ல வளர்ந்து, வைரம் பாய்ந்து, நெடுங்காலம் நிற்கின்றன. ஹெக்டேருக்கு எடை கூடுதலாக இருப்பது அங்கேதான்!

இனப்பன்மையின் பங்கு என்ன? அமெரிக்காவின் சீடர் கிரீக் என்னும் புல்வெளி ஆய்வுக்களத்தில் 1994இல் 9 மீட்டர் சதுரப் பாத்திகளில் 1 முதல் 16 இனங்கள் வரை விதைத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லக் கலப்புப் பாத்திகள் முந்தின. அவரையினச் செடிகள் தழைச்சத்தைச் சேர்க்க, புற்கள் அதை உறிஞ்சிக்கொண்டன. சீனாவின் ஜியாங்சியில் நட்ட சோதனைக் காட்டில், 8 ஆண்டுகளில் 16 இனக் கலப்பு, தனியினத் தோப்பைப்போல் இரு மடங்குக்கு மேல் கரிமம் சேர்த்தது.

இதை எல்லாக் காட்டுக்கும் நீட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், குளிர்ந்த ஈர மலைச்சரிவில், மேல்விதானத்தில் ஒரே யூகலிப்டஸ் இனம் ஓங்கிய முதிர்ந்த காடு, பல வெப்பமண்டலக் காடுகளை எடையில் விஞ்சுகிறது. குளிரில் செத்த கட்டையும் மெல்லத்தான் மட்கும் என்பதால் அதன் எடையும் அங்கே தங்கிவிடுகிறது.

அளப்பதில்தான் பிழைகள் மலிந்துள்ளன. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவெடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். அடிமரத்தில் பலகைபோல் புடைத்து நிற்கும் பலகை வேர் இருந்தால் அது முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே நாடா சுற்ற வேண்டும். விட்டம் 10 விழுக்காடு கூடினால் எடை ஏறத்தாழ 20 விழுக்காடு கூடிவிடும். வெப்பமண்டல மரங்களுக்கான சூத்திரம் இது: கட்டை அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 0.976 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, 0.0673ஆல் பெருக்குங்கள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு கிராமில், விட்டம் சென்டிமீட்டரில், உயரம் மீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். இது தரைக்கு மேலுள்ள எடை மட்டுமே. வேர் இதில் சேராது.

40 சென்டிமீட்டர் விட்டம், 25 மீட்டர் உயரம் என்று வையுங்கள். அடர்த்தி 0.6 என்றால் சுமார் 1,270 கிலோ, 0.5 என்றால் சுமார் 1,060 கிலோ. இனத்தை அடையாளம் காணாமல் சராசரி அடர்த்தியைப் போட்டால், ஒரே மரத்தில் 200 கிலோவுக்கு மேல் தவறும்.