மரப்பாச்சிக்குத் தலைப்பாகை

நேயர்களுக்கு வணக்கம். கொலுப்படியின் மேல்தட்டில், கலசத்துக்கு அருகில், பல வீடுகளில் மரப்பாச்சி ராஜாவும் ராணியும் நிற்பார்கள். செஞ்சந்தனத்திலோ கருங்காலியிலோ செதுக்கிய இந்த இணையைப் பெண்ணின் திருமணத்தில் தாய்வீட்டார் சீராகக் கொடுப்பது வழக்கம். பொம்மையை விலைகொடுத்து வாங்கலாம், ஆனால் அதன் அலங்காரம் வீட்டார் கையால்தான் அமைய வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் பாட்டி காலத்திலிருந்து தொடர்ந்து வரும் முறை.

ராணிக்குப் புடவை சுற்றுவதும் ராஜாவுக்கு வேட்டி கட்டுவதும் ஓரளவு பழகினால் வந்துவிடும். கைத்திறன் வெளிப்படுவது தலைப்பாகையில்தான். ஓரடி உயரப் பொம்மையின் தலை ஓர் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும் என்பதால், நெற்றிக்கு மேலாக நூலைச் சுற்றி அளவெடுத்து, அந்த அளவுக்கு மெல்லிய அட்டையில் ஒரு வளையம் செய்துகொள்ள வேண்டும். துணியை நேராக வெட்டினால் வளையும் இடத்தில் சுருங்கிப் புடைக்கும். தையல்காரர்கள் கிராஸ் கட்டிங் என்று சொல்வதுபோல மூலைவாட்டில் வெட்டிய பட்டுத்துணியோ, இழுவைக்கு இசைந்து வளையத்தோடு படிந்துவிடும். அந்தப் பட்டையை லேசாக முறுக்கி, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி சுற்றி, உட்புறம் ஊசி நூலால் பிடித்துவிட்டு, பின்பக்கம் விரற்கடை நீளத்துக்குத் தொங்கல் விட வேண்டும்.

முன்பக்க அழகுக்குக் கிழிந்த பட்டுப்புடவையின் கரையே போதும். பழைய காஞ்சிபுரச் சரிகை பட்டிழையின் மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. இன்று கடையில் கிடைக்கும் ஜிகினாவுக்கு அந்த ஆழ்ந்த ஒளி வராது. வெட்டினால் இழை பிரியும் என்பதால், வெட்டப்போகும் கோட்டில் முதலில் மெல்லியதாகப் பசை தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே கத்தரியை வைக்க வேண்டும். எந்த நிலையிலும் பசை மரத்தில் படக் கூடாது. பட்டால் கறையாக நின்றுவிடும்.

சென்னை மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் பொம்மைகளோடு ஆயத்த அலங்காரங்களும் விற்பனைக்கு வருகின்றன. நேரமில்லாதவர்கள் அவற்றை வாங்குவதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கையால் செதுக்கிய பழைய பொம்மைகளில் ஒன்றின் தலை மற்றொன்றைப்போல் இராது. ஆயத்தத் தலைப்பாகை பெரும்பாலும் கண்வரை இறங்கிவிடும், அல்லது உச்சியில் ஒட்டாமல் நிற்கும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, பாட்டியின் கூறைப்புடவைக் கரை ராஜாவின் தலையில் ஏறும்போது, அந்தப் புடவையைப் பற்றிய பேச்சும் வீட்டில் தானாகவே எழுகிறது என்பதுதான். வெட்டும் வேலையைப் பெரியவர்கள் வைத்துக்கொண்டு, சுற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். சுற்று கோணினாலும் பிரித்துச் சரிசெய்யாதீர்கள்.

கொலு முடிந்ததும் தலைப்பாகைகளைப் பழைய வேட்டித் துணியில் தனித்தனியே சுற்றி, அந்துருண்டை சரிகையைத் தொடாதவாறு பெட்டியில் வைத்தால், அடுத்த ஆண்டும் நிறம் மங்காமல் எடுக்கலாம். வணக்கம்.