பஸ்ஸுக்கு முன்னால் தபால் போகட்டும்

நடுவர் அவர்களே, கொழும்பு வெள்ளவத்தை வெக்கையில் மின்விசிறியை நம்பி வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

பழங்குடிப் பிள்ளைகளின் வகுப்போடு நம் வகுப்பு நட்பாவதற்கு வழி நேரில் போவதா, கடிதம் எழுதுவதா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் சொன்னார்: "முகம் பாராத நட்பு என்ன நட்பு? பஸ் பிடியுங்கள், வேடர் பிள்ளைகளோடு ஒரு நாள் விளையாடுங்கள், வேலை முடிந்தது."

அந்த 'வேலை முடிந்தது'தான் எனக்குப் பயம்.

அந்த பஸ்ஸை நான் அறிவேன், ஐயா. விடியப்புறம் நாலு மணிக்குப் புறப்படும். பின் சீட்டில் பைலாப் பாட்டு, முன் சீட்டில் வாந்தி. வேடர்களின் ஊரான தம்பானையில் இறங்கினால், தோளில் கோடரியோடு நிற்கும் பெரியவர் பக்கத்தில் ஒரு படம். முன்கைகளைப் பற்றி அவர்கள் வரவேற்கும் முறையை ஒரு தரம் செய்து பார்த்து ஒரு சிரிப்பு. ஒரு போத்தல் தேன். ஏறு பஸ்ஸில்! திரும்பி வந்தவனிடம் அங்குள்ள ஒரு பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். தெரியாது. தேன் விலை தெரியும்.

கடிதத்தைப் பெயர் எழுதாமல் தொடங்கவே முடியாது.

நமக்கு இன்னொரு வசதி. வாகரைப் பக்கம் வாழும் கரையோர வேடர்கள் பேசுவது தமிழ். முத்திரை ஒட்டினால் போதும். 'பாடசாலை விட்டதும் ரியூஷன், வீட்டுக்கு வர இரவு எட்டு மணி' என்று நம் பிள்ளை எழுத, அங்கிருந்து ஒருத்தி 'ஐயோ பாவம்' என்று பதில் போட்டால் எப்படியிருக்கும்? பரிதாபம் ஒரு தரமாவது எதிர்த்திசையில் வரட்டுமே!

கனடாவில் மாமாவோ சித்தியோ இல்லாத வீடு இந்த மண்டபத்தில் குறைவு. அதே கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே அற்றவாபிஸ்காற் என்றொரு க்ரீ பழங்குடி ஊர். 1979இல் பாடசாலைக்கு அடியில் டீசல் கசிந்தது. 2000இல்தான் கட்டடத்தை மூடினார்கள். பிறகு பல வருடம் தற்காலிகக் கொட்டகைகளில் படிப்பு. 2008இல் ஷானன் கூஸ்டாசின் என்ற எட்டாம் வகுப்புச் சிறுமியும் தோழர்களும் தங்கள் சுற்றுலாவை விட்டுவிட்டு ஒட்டாவா போய் அமைச்சரிடமே பாடசாலை கேட்டார்கள். 2010இல் அவள் வாகன விபத்தில் இறந்துபோனாள். ஆனால் நாடெங்கும் பழங்குடியல்லாத பிள்ளைகளும் அவளது கோரிக்கைக்காகக் கடிதம் எழுதினார்கள். 2012இல் பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தது, 2014இல் புதுப் பாடசாலை திறந்தது.

அவை அரசுக்கு எழுதிய கடிதங்கள், தோழிக்கு அல்ல என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஊரைக் கண்டிருப்பார்கள்?

அப்புறம் பிசிராந்தையார், கோப்பெருஞ்சோழனை முகம் காணாமலே நண்பனாகக் கொண்ட சங்கப் புலவர். நட்பு என்றால் அவரை இழுக்காமல் பட்டிமன்றம் நகராது, இன்றைக்கு எதிரணியே இழுத்துவிட்டது, "கடைசியில் நேரில் வந்தாரே" என்று. வந்தார். எப்போது? காணாமலே நட்பு முற்றிய பிறகு.

நாங்களும் பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் கடிதம் போகட்டும், வரட்டும். அதற்குப் பிறகு பஸ் விடுவதென்றால், முதல் பஸ் அங்கிருந்து இங்கே வரட்டும். கொழும்பு–காலி வீதி நெரிசலில் நாம் எப்படி உயிர் வாழ்கிறோம் என்று அந்தப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும், விரும்பினால் நம்மோடு நின்று படமும் எடுக்கட்டும்.

மணி அடித்துவிட்டது, நடுவரே. அமர்கிறேன்.