சட்டைப்பையிலிருந்து கையை எடுங்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

‘மறதி வந்த பெரியவரை வீட்டுச் சீட்டாட்டத்தில் சேர்த்துக்கொள்வது அன்பா, அநியாயமா?’ இதுதான் தலைப்பு. அன்புதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார்: “ஞாபகம் போனவரோடு காசு வைத்து ரம்மி ஆடுவதும், தூங்குகிறவர் சட்டைப்பையில் கை விடுவதும் ஒன்று.” அரங்கமே கை தட்டியது. தட்ட வேண்டிய வார்த்தைதான். எனக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் ஒருநாள் அந்தச் சட்டைப்பையில் என் கையும் இருந்தது.

எங்கள் மாமா, அம்மாவுக்கு அண்ணன். மயிலாடுதுறையில் வீடு. 34 வருடம் வங்கியில் காசாளர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரிந்துவிடும். இரண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, பாயிண்டுக்கு 10 காசு. மாமா, அத்தை, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய சிநேகிதர், நான், என் தங்கை மகன். கீழே விழுகிற சீட்டை எல்லாம் மாமா மனதில் அடுக்கி வைத்திருப்பார். நான் கிளாவர் எட்டுக்குக் காத்திருந்தால், “எட்டு ரெண்டும் போயாச்சுடா, எழுந்து போய் டீயைப் போடு” என்பார்.

பொங்கலுக்கு மட்டும் பாயிண்டுக்கு 1 ரூபாய். அது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பொங்கலன்று ஜோக்கர் ஆறு. அதாவது, ஆறு கையில் வந்தால் இல்லாத சீட்டுக்குப் பதிலாக அதை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். “ஜோக்கர் என்னடா?” என்றார் மாமா. “ஆறு மாமா.” இரண்டு சுற்று போனது. “ஜோக்கர் என்ன?” “ஆறு மாமா.” இன்னும் ஒரு சுற்று. “ஜோக்கர்...” என்று ஆரம்பித்தார். பையன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “எத்தனை தரம் தாத்தா சொல்றது?” என்று கேட்டுவிட்டான்.

அவ்வளவுதான். மாமா அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

கேட்காமலே ஆடினார் ஐயா! கையில் இருந்த ஆறை, ஜோக்கரை, சாதாரணச் சீட்டென்று நினைத்துக் கீழே போட்டார். நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கையில் ஒரிஜினல் ரம்மியே, ஜோக்கர் உதவியில்லாமல் ஒரே இனத்தில் சேர வேண்டிய வரிசையே, சேராமல் ‘ஆட்டம் முடிஞ்சுது’ என்று சீட்டை விரித்தார். தப்பாக விரித்ததற்கு முழுசாக 80 பாயிண்ட் அபராதம். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 960 ரூபாய் தோற்றிருந்தார். அதில் என் பங்கு 300-க்குப் பக்கம்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். மாமா எழுந்து போய்ச் சட்டையை எடுத்து வந்தார். பணத்தை உருவினார். கட்டை விரலை நாக்கில் தொட்டு எண்ணினார். 34 வருடம் எண்ணிய விரல். எண்ணி முடித்து 1,200 ரூபாயை என் கையில் வைத்தார். வைத்துவிட்டு, “சரியா இருக்கா பாருடா” என்றார். ஊர்ப் பணத்தையெல்லாம் எண்ணிச் சரி சொன்ன காசாளர், என்னிடம் கேட்கிறார் நடுவர் அவர்களே. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆக, தம்பி சொன்னது உண்மை. எங்கள் கை சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் தம்பி, தப்பு செய்தது யார்? பாயில் உட்கார்ந்திருந்தவரா, பைக்குள் கை விட்டவர்களா? கையை விட்டவன் கையை எடுக்க வேண்டியதுதானே? பெரியவரை எதற்குப் பாயிலிருந்து எழுப்புகிறீர்கள்?

தம்பி சட்டமும் பேசினார். ரம்மியில் விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், அது திறமையாட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, நினைவு போனவருக்கு அங்கே என்ன வேலை என்றார். அந்த வழக்கு செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியது சூதாட்டமா இல்லையா என்பதைப் பற்றியது. எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் உட்காரலாம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்ததே அந்தச் சீட்டுதான். பேச்சில் தெரியவில்லை, நடையில் தெரியவில்லை. பணக் கணக்கில் தடுமாறுவது அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே தெரியக்கூடிய அடையாளம். டாக்டரிடம் கூட்டிப்போனோம். பி12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு கெட்டாலும், காது மந்தமானாலும், மனம் சோர்ந்தாலும் மறதி வரும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஆட்டினையும் டைமனையும் அவர் மாற்றி மாற்றி வைத்ததற்குப் பாதிக் காரணம் கண்புரை! அறுவை முடிந்ததும் அந்தக் குழப்பம் குறைந்துவிட்டது. மீதி அல்சைமர்தான். சீட்டாடினால் அது குணமாகும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பொங்கலோடு அவரை எழுப்பி டிவி முன்னால் உட்கார வைத்திருந்தால், கண்புரைகூட எங்கள் கண்ணுக்குப் பட்டிருக்காது.

சரி, பணத்துக்கு என்ன வழி? தபால்காரர்தான் கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாங்கச்சி நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்து பாயில் கொட்டினார். மாமா அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “எனக்கு மட்டுமா?” என்று கேட்டார். “எல்லாருக்கும்தாண்டா. காசு எனக்குப் பிடிக்கலை” என்றார் தபால்காரர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காசு கிடையாது. பொங்கலுக்கும் கிடையாது. ஜோக்கர் சீட்டைப் பெரியதாகத் தெரியும்படி சொம்பில் சாய்த்து, மாமா பக்கம் திருப்பி வைக்கிறோம்.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அத்தனை பேருக்கும் ஒரு பாய் இருந்திருக்கும். பாயாக இல்லாவிட்டால் ஒரு திண்ணை, ஒரு டீக்கடை பெஞ்சு, கூட உட்கார நான்கு பேர். நோயா முதலில் அதைப் பிடுங்குகிறது? நாம்தான் பிடுங்குகிறோம். “பாவம், அவரால முடியாது” என்று சொல்லியே பிடுங்குகிறோம்.

மாமாவுக்கு இப்போது 79. என்ன கிழமை என்று தெரியாது. என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனால் கட்டைக் கையில் கொடுத்தால் இரண்டாகப் பிரித்து, விளிம்பை நெம்பி, சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று ஓட விடுகிறார். கைப்பழக்கமாக ஊறிப்போனது கடைசியில்தான் போகும் என்றார் டாக்டர். அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்து உட்காருகிறார். எரிந்து விழுந்தானே அந்தப் பையன், அவன்தான் இப்போது மாமாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறான். வேறு யாரையும் அந்த இடத்தில் உட்கார விடுவதில்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு நிமிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா ஜோக்கர் என்ன என்று 19 தடவை கேட்டார். எண்ணியது அந்தப் பையன். 19 தடவையும் பதில் சொன்னதும் அவன்தான். “ராணி, தாத்தா.”