பேஸ்மேக்கர ஹேக் பண்ணி கொலை: ஹோம்லேண்ட் காட்சியில எது நடக்கும், எது நடக்காது

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு காட்சியப் பத்திதான் பேசப்போறோம். ஹோம்லேண்ட்ங்கற அமெரிக்க டிவி தொடரோட ரெண்டாவது சீசன், 2012 டிசம்பர்ல வந்த எபிசோட். இன்னும் பார்க்காதவங்க இங்கயே நிறுத்திக்கங்க, கதைய உடைக்காம இத விளக்க முடியாது.

அமெரிக்கத் துணை ஜனாதிபதிக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர். அவரு அறைக்குள்ள போய் அதோட சீரியல் நம்பர ஒருத்தர் எடுத்து அனுப்பறாரு. எங்கயோ இருக்கறவங்க கம்ப்யூட்டர்ல இதயத்துடிப்ப ஏத்திவிடறாங்க. துணை ஜனாதிபதி சரிஞ்சு விழுந்துடறாரு.

முழுக்க கற்பனைன்னு தள்ளிடாதீங்க. நிஜத்துல துணை ஜனாதிபதியா இருந்த டிக் சேனிக்கு ஐசிடி, அதாவது இதயம் தாறுமாறா துடிச்சா ஷாக் கொடுத்து சரிபண்ற கருவி, நெஞ்சுல வச்சிருந்தாங்க. 2007ல அத மாத்தும்போது அவரோட இதய டாக்டர் ஜொனதன் ரெய்னர் வயர்லெஸ் வசதிய முடக்கிட்டாரு. 2013 அக்டோபர்ல சேனியே டிவி பேட்டியில இதச் சொன்னாரு.

இங்கதான் முதல் குழப்பம். பேஸ்மேக்கர் வேற, ஐசிடி வேற. பேஸ்மேக்கர் கொடுக்கறது சில வோல்ட்தான், அதுவும் ஒரு மில்லிசெகண்டு அளவுக்கு. துடிக்க மறந்த இதயத்துக்கு ஒரு சின்னத் தட்டு. ஐசிடி அப்படி இல்ல. கெபாசிட்டர்ல 700 வோல்ட்டுக்கு மேல ஏத்தி, 30லருந்து 40 ஜூல் வரைக்கும் ஒரே அடியா இறக்கும். கொலைக்கதைக்கு ஆபத்தான கருவி ஐசிடிதான். சாதாரண பேஸ்மேக்கர் தறிகெட்டு ஓடாம இருக்க, மென்பொருளச் சாராத தனி சர்க்யூட் ஒண்ணு உள்ளயே இருக்கு. பொதுவா நிமிஷத்துக்கு 200 துடிப்பு பக்கத்துல அது கதவச் சாத்திடும்.

அடுத்தது தூரம். 2008ல அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஐசிடிய மேசை மேல வச்சு, ரேடியோ கருவியால சோதிச்சாங்க. நோயாளி பேர், நோய் விவரம் எல்லாம் மறைகுறியாக்கம் இல்லாம அப்படியே வெளிய வந்துச்சு. சிகிச்சைய நிறுத்த முடிஞ்சது, ஷாக் கொடுக்கற கட்டளையும் போச்சு. ஆனா ஆண்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவுல இருந்த இடைவெளி சில சென்டிமீட்டர்தான். அடுத்த தலைமுறைக் கருவிங்க பலதும் 402-405 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில பேசும், சில மீட்டர் எட்டும். அதுக்காக சீரியல் நம்பர அடிச்சதும் ஊரு விட்டு ஊரு நெஞ்சுக்குள்ள நுழைஞ்சிட முடியாது. நோயாளி வீட்டுல பெட் பக்கத்துல வைக்கற மானிட்டரும் பெரும்பாலும் கருவியோட தகவல வாங்கி அனுப்பத்தான் இருக்கு.

ஓட்டையே இல்லன்னு சொல்ல வரல. 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஹேக் பண்ண வழிவிடற ஓட்டைய அடைக்க, சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிச்சது. யாருக்கும் தீங்கு நடந்ததா தகவல் இல்ல, கருவிய எடுக்கவும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு நேர்ல போகணும், மூணு நிமிஷ வேலை. அந்த மூணு நிமிஷமும் கருவி நிமிஷத்துக்கு 67 துடிப்புன்னு பேக்கப்ல ஓடும். கருவி முழுசா செயலிழக்கற வாய்ப்பு 0.003 சதவீதம்னு கணக்கு கொடுத்தாங்க. அந்தத் துடிப்ப நம்பியே உயிரோட இருக்கறவங்களுக்கு, தற்காலிக பேஸிங் வசதி, அதாவது வெளியில இருந்து இதயத்த துடிக்க வைக்கற ஏற்பாடு, இருக்கற இடத்துல மட்டும் செய்யணும். சும்மா வீட்டுல உக்காந்து போன் அப்டேட் பண்ற மாதிரி இல்ல இது.

இப்ப போலீஸ் பக்கம் வருவோம். இந்த மாதிரிக் கதை எழுதறவங்க தயவுசெஞ்சு இதக் கவனிங்க. செத்தவரோட நெஞ்சுக்குள்ளயே ஒரு சாட்சி இருக்கு. 2016ல ஒஹாயோ மாநிலம் மிடில்டவுன்ல வீடு எரிஞ்ச வழக்குல, தீ வச்சதா சந்தேகப்பட்ட வீட்டுக்காரரு உயிரோடதான் இருந்தாரு, அவரோட பேஸ்மேக்கர் பதிவ போலீஸ் வாரண்ட் வாங்கி எடுத்தாங்க. 2017ல நீதிபதி அத சாட்சியமா ஏத்துக்கிட்டாரு.

அந்தப் பதிவ எடுக்க, கருவி எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி புரோகிராமர், அதாவது கருவியோட பேசற கம்ப்யூட்டர், வேணும். அதோட வயர்ல இருக்கற வாண்ட, அதாவது கையில பிடிக்கற முனைய, தோள்பட்டைக்குக் கீழ, கருவி புடைச்சுத் தெரியற இடத்துல வைக்கணும். திரையில கருவியோட நேரம் வரும். சரியான நேரத்த பக்கத்துல எழுதி, வித்தியாசத்தக் குறிச்சுக்கணும். அது ஏழு நிமிஷம் பின்தங்கி இருந்தா, சம்பவ நேரம் மொத்தமும் ஏழு நிமிஷம் தள்ளும், சந்தேகப்பட்டவர் தப்பிச்சுடுவாரு. அடுத்து, ஷாக்க தற்காலிகமா நிறுத்தறதுக்குன்னு யாரும் அவசரப்பட்டு கருவி மேல காந்தம் வைக்கக்கூடாது. சில மாடல்ல காந்தம் வச்சதே ஒரு புதுப் பதிவா ஏறும். நினைவகம் சின்னது, புதுசு வந்தா பழசு அழியும்.

தகனத்துக்கு முன்னாடி கருவிய எப்படியும் வெளிய எடுத்துடுவாங்க, சூட்டுல பேட்டரி வெடிக்கும். அதனால பிணவறை ஊழியர் கைக்குப் போறதுக்கு முன்னாடி பதிவு வெளிய வந்திருக்கணும். ஐசிடியா இருந்தா பதிவ எடுத்த கையோட ஷாக்க ஆஃப் பண்ணிடணும். ஆஃப் பண்ணாம, கருவியையும் இதயத்தையும் இணைக்கற லீட் வயர வெட்டினா, வெட்டற அதிர்வையே அது இதயக் கோளாறுன்னு எடுத்துக்கும். ஷாக் கத்தரி பிடிச்சவரு கைக்குப் போகும்.