முறையீடும் பக்தியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

குற்றமறியாக் குழந்தைகள் மடியும் உலகில் அன்பே வடிவான கடவுளை நம்புவது பொருந்துமா, பொருந்தாதா என்பது இன்றைய தலைப்பு. பொருந்தும் என்னும் அணியில் நான் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் 2004ஆம் ஆண்டின் இரண்டு நாள்களை இந்த அவையின் முன் வைத்தார். ஒன்று ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைப் பலிகொண்ட நாள். மற்றொன்று டிசம்பர் 26. சுனாமி எழுந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கடல் கொண்டுபோன நாள். முதலாவதற்கு மனிதனின் அலட்சியத்தைக் காரணம் காட்டலாம், இரண்டாவதற்கு யாரைக் காட்டுவீர்கள் என்று கேட்டார். நேர்மையான கேள்வி அது.

சுமத்ராவின் அருகே கடலடி நிலம் பிளந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை மணி. நாகைக் கரையை அலை தொடுவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது. பசிபிக் பெருங்கடலுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எச்சரிக்கை மையம் இருந்தது. ஐதராபாத்தில் நமக்கு அது அமைந்தது 2007இல்தான். ஆகவே அந்தச் சாவுகளிலும் ஒரு பெரும்பங்கை மனிதக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆனால் அதைக் கழித்த பின்னும் மிச்சம் இருக்கிறது என்பதை நான் மறைக்க மாட்டேன். நிலம் பிளந்ததற்கு எந்த மனிதரும் பொறுப்பல்லர்.

அந்த மிச்சத்துக்கு விளக்கம் சொல்ல வந்தவர்கள் பலர். முற்பிறவி வினை என்றார்கள், பாவத்தின் தண்டனை என்றார்கள். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்ததை அற்புதம் என்றார்கள். நானும் நம்பிக்கையுள்ளவன்தான், ஆயினும் அந்தச் சொல்லை எடுக்கும்போதெல்லாம், அதே காலையில் அதே ஊரின் கடற்கரையில் நின்று மாண்ட நூற்றுக்கணக்கான யாத்திரிகர்களின் உறவுகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்று என் மனம் கூசுகிறது. மூன்று வயதுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் வினைக்கணக்கு பேசுவது கொடுமை. இந்த இடத்தில் எதிரணியினரின் கோபம் முழுவதும் என்னுடைய கோபமும் ஆகும்.

ஆனால் அந்த விளக்கங்கள்தாம் நம்பிக்கை என்று அவர்கள் கருதிவிட்டார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். விவிலியத்தில் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள், ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரையில் சரியாகவே நடந்துகொண்டார்கள். பிறகு வாய் திறந்து, நீ ஏதோ குற்றம் செய்திருப்பாய் என்று கடவுளுக்காக வாதாடினார்கள். யோபுவோ கடவுளையே வழக்குக்கு அழைத்தார். முடிவில் கடவுள் சினந்தது அந்த நண்பர்கள்மேல். சரியாகப் பேசியவர் என்று அவர் சொன்னது யோபுவை.

நம் மண்ணிலும் இதே குரல் உண்டு. சூலை நோய் குடலை முறுக்க, திருவதிகையில் நின்று நாவுக்கரசர் பாடிய முதல் பதிகம் எப்படித் தொடங்குகிறது? எமனைப்போல் வந்த இந்த நோயை விலக்க மாட்டீர் என்று தொடங்கி, அடுத்த மூச்சில் "கொடுமை பல செய்தன நான் அறியேன்" என்கிறார். முற்பிறவியில் செய்ததை அறியேன் என்று அதற்கு உரை காண்போரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், வலி தாங்காதவன் வழக்கைக் கொண்டு போய் வைத்தது சிவபெருமான் அடியில்தான். "ஆற்றேன் அடியேன்" என்னும் இரண்டு சொற்களில் தாங்க முடியவில்லை என்பதும் இருக்கிறது, உன்னுடையவன் என்பதும் இருக்கிறது. அவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை.

ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கக் கேட்டு, "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்று நொந்த புறநானூற்றுப் புலவரை எதிரணி நண்பர் ஒருவர் தமக்குச் சாட்சியாக அழைத்தார். அந்தப் புலவர் படைத்தவன் இல்லை என்று சொல்லவில்லை. படைத்தவனைப் பார்த்துத்தான் வைகிறார். இரந்துதான் உயிர் வாழ வேண்டுமென்றால் "பரந்து கெடுக உலகியற்றியான்" என்று சபித்த வள்ளுவர்தாம், அதே நூலின் முதல் பத்துக் குறளையும் இறைவனுக்குப் பாடினார்.

அப்படியானால் துயரத்துக்குக் காரணம்தான் என்ன என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசினால் யோபுவின் நண்பர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். ஆனால் காரணம் எனக்குத் தெரியவில்லை என்பது வேறு, காரணமே இருக்க முடியாது என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எதிரணியினர் ஒரே தாவலில் போய்விட்டார்கள். நடுவில் பாலம் இருப்பதாக அவர்கள் காட்டவில்லை. கடவுளை நம்பாதவர்கள் பிள்ளைகளை நேசிப்பதில் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். இது அவர்களைக் குறைகூறும் வாதமன்று. நம்புகிறவர், கண்ணை மூடிக்கொள்ளாமலேயே நம்ப முடியும் என்பது மட்டுமே என் வாதம்.

நடுவர் அவர்களே, டிசம்பர் 26 வரும்போதெல்லாம் நாகைக் கடற்கரையில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் கூடுகிறார்கள். தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோன அதே கடலில் பாலை ஊற்றுகிறார்கள், பூவை விடுகிறார்கள், வாய்விட்டு அழுகிறார்கள். ஊற்றும் கையும் அழும் வாயும் ஒருத்தியுடையவை. பொருந்தாது என்று தீர்ப்பளிப்பதானால், அவள் ஊற்றிய பால் பொய், அல்லது அவள் அழுத அழுகை பொய் என்று தாங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நன்றி, வணக்கம்.