விடுதலைக்குப் பிறகு வரும் காவல் சரிபார்ப்பு

நேயர்களுக்கு வணக்கம். குற்ற வழக்கில் விடுதலை ஆகிவிட்டால் அரசு வேலைக்கு இனித் தடையில்லை என்று பலரும் நம்புகிறார்கள். காவலர் தேர்வு எழுதும் பிள்ளைகள் விஷயத்தில் அது பாதிதான் சரி.

தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து (குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று) விடுவிக்கப்பட்டவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியாக மாறியதால், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால் விடுவிக்கப்பட்டவரையும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் இந்த விதியை ஏற்றுக்கொண்டது.

ஊரில் என்ன நடக்கிறது? திருவிழாவில் கைகலப்பு, இல்லையென்றால் வரப்புத் தகராறு. எஃப்.ஐ.ஆரில் பத்துப் பேர் பெயர். பிறகு பெரியவர்கள் பேசி ராசியாக்கிவிடுகிறார்கள். புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்கிறார். வழக்கு சீக்கிரம் முடிகிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் "சந்தேகத்தின் பலன்" என்று எழுதப்பட்டுவிட்டால், அந்தப் பத்துப் பேரில் போலீஸ் வேலைக்குப் போக நினைத்த பையனுக்கு அதுவே தடை.

இந்தத் தடை வராத விடுதலையைக் "கௌரவமான விடுதலை" என்பார்கள். அந்தச் சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எங்கும் இல்லை. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை விளக்கியது: சாட்சியம் முழுவதையும் ஆராய்ந்து, அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கவே இல்லை என்று நீதிமன்றம் சொன்னால்தான் அப்படிக் கொள்ளலாம். சாட்சி பல்டி அடித்ததற்குக் குற்றஞ்சாட்டப்பட்டவர் விலை கொடுப்பது கடுமையானது என்பதே என் கருத்து. இருந்தாலும் விதி இருக்கும்வரை, வழக்கு நடக்கும்போதே வக்கீலிடம் வேலை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். முக்கிய சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து முடிப்பதற்கும், பிறழவிட்டு முடிப்பதற்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. சரிபார்ப்பின்போது நிலுவையிலிருந்த வழக்கு பிறகு கௌரவமான விடுதலையிலோ, "பொருண்மைப் பிழை" (புகாரில் சொன்ன விவரமே தவறு) என்று போலீஸே கைவிட்டோ முடிந்தால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும். பழைய தேர்வு திரும்ப வராது.

அடுத்தது, வழக்கு விவரம் கேட்கும் சரிபார்ப்புப் படிவம். அதில் வழக்கை மறைப்பது பற்றி அவதார் சிங் என்பவரின் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னவைதான் இன்றைக்கும் எல்லா அரசு வேலைகளுக்கும் அளவுகோல். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி அதை மன்னிக்கலாம். பல வழக்குகள் நிலுவையில் இருப்பதை மறைத்தால், மறைத்ததே நீக்கத்துக்குப் போதும். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேள்வியில் தெளிவாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டிக்கவும் முடியாது. ஆகவே "கைது செய்யப்பட்டீர்களா", "வழக்கு இருந்ததா", "தண்டிக்கப்பட்டீர்களா" என்று மூன்றாகக் கேட்டால் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது பெட்டி கேஸில், அதாவது அபராதத்தோடு முடியும் சின்ன வழக்கில். குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட்டில் சில நூறு ரூபாய் அபராதம் கட்டினால் சட்டப்படி அதுவும் தண்டனைதான். "அபராதம்தானே" என்று "இல்லை"யில் டிக் போட்டுவிடுகிறார்கள்.

சம்பவத்தின்போது 18 வயது ஆகவில்லை என்றால் நிலைமை வேறு. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 24-ஆம் பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது; 16 வயது நிறைந்து, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. நன்னடத்தைச் சட்டம், 1958-இன்படி சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவருக்கு அதே போல 12-ஆம் பிரிவு உதவும். ஆனால் ஏற்கெனவே பணியில் இருப்பவர் மீதான துறை நடவடிக்கையை அது தடுக்காது.

பாஸ்போர்ட்டுக்கு வேறு கணக்கு. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நீதிமன்றத்தில் நிலுவை ஆகாது. குற்றப்பத்திரிகையைக் கோர்ட் கோப்பில் எடுத்த பிறகுதான் நிலுவை. அப்போது கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் 1993 அறிவிக்கையின்படி ஓராண்டுக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். அதனால் மனுவிலேயே எத்தனை ஆண்டு என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வையுங்கள். வழக்கு எண் தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடலாம். போலீஸ் கைவிட்ட வழக்கென்றால் ஆர்.சி.எஸ். நோட்டீஸின் (வழக்கைக் கைவிட்டதாகப் போலீஸ் தரும் அறிவிப்பின்) நகல் வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தால் கீழமை நீதிமன்றங்களில் பழைய கட்டுகளை அழித்துவிடுவார்கள். அதன் பிறகு விடுதலை எந்த வகை என்று காட்ட உங்கள் கையில் காகிதம் எதுவும் இருக்காது.