காசும் மனசும் ஒரே கொப்பியில்

(திருகோணமலை நகரில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியது; எழுத்துக்காகச் சற்றுச் சீர்செய்யப்பட்டுள்ளது.)

வணக்கம். முன்வரிசை முழுக்க அம்மாமாரும் அப்பாமாரும் இருக்கிறீர்கள். வேலை தேடுகிற பிள்ளைகள் பின்சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். தம்பிமார், தங்கச்சிமார், கதிரை கிடக்கிறது, வந்து இருங்கள். இந்தக் கூட்டமே உங்களுக்காகத்தான்.

தன்னம்பிக்கைப் பேச்சு ஒன்றை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். "முயன்றால் முடியாதது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுகம், உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. நூறு விண்ணப்பம் போட்ட பிள்ளையிடம் முயற்சி போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் கணக்கு. ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை தேடியும் கிடைக்காதவரை நீண்டகால வேலையில்லாதவர் என்று சர்வதேச தொழில் நிறுவனம் வகுக்கிறது. நம் நாட்டுத் தொழிற்படை அளவீட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது: கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரேயொரு மணித்தியாலம் வருமானத்துக்காக வேலை செய்திருந்தாலும் நீங்கள் வேலையுள்ளவர்தான். மைத்துனரின் ஓட்டோவை ஒரு பின்னேரம் ஓட்டினவரும், ஒரு நாள் கரைவலை இழுத்தவரும் வேலையுள்ளவர் பக்கம் போய்விடுவார்கள். களைத்துப்போய்த் தேடுவதையே விட்டவரோ எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆகவே வேலையின்மை குறைந்துவிட்டதாகப் பேப்பரில் வரும்போது, உங்கள் வீட்டில் மட்டும் என்ன பிழை என்று யோசிக்க வேண்டாம்.

நம் ஊர் நிலைமையும் உங்களுக்குத் தெரியும். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன காலத்திலிருந்தே, பெரிய துறைமுகம் இருக்கிறது, அந்த அளவுக்கு வேலை எங்கே என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. மா ஆலை, சீமெந்து ஆலை, சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், புல்மோட்டை மணல், இவற்றை எண்ண ஒரு கை போதும். மிச்சமெல்லாம் கடல், வயல், அரச உத்தியோகம், சுற்றுலா. சுற்றுலா என்றாலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் சித்திரைக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். மாரி தொடங்கினால் அறைகளைப் பூட்டிவிடுவார்கள். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்தது, சரியாக நம் சீசன் வாசலில். அடுத்த வருடம் கொரோனா. 2022இல் நாடே வங்குரோத்து, பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. ஹொட்டேலில் வேலை பழகி, புறாத்தீவுக்குப் படகு ஓட்டிப் பிழைத்த பிள்ளைகளுக்கு நான்கு வருடத்துக்குள் மூன்று அடி. இதில் அந்தப் பிள்ளைகளின் முயற்சிக் குறைவு எங்கே வந்தது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதை. ஒஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்டது ஒரு நெசவாலை. உலகப் பொருளாதார வீழ்ச்சியோடு அதை மூடிவிட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் மரீ யகோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற இளம் ஆய்வாளர்களும் அவர்களின் குழுவினரும் அந்த ஊருக்குப் போய், வீட்டுக்கு வீடு விசாரித்து எழுதினார்கள். என்ன சாப்பிட்டார்கள், பிள்ளைக்குச் சப்பாத்து இருக்கிறதா, பொழுதை எப்படிக் கழித்தார்கள் என்று எல்லாமே. ஜன்னலோரம் இருந்து தெருவில் போவோரின் நடைவேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் நாலடி நடந்து நின்று, நின்று நடந்தார்கள். பெண்கள் விறுவிறென்று போனார்கள். அவர்களுக்கு வீட்டில் வேலை குறையவில்லை, கூடித்தான் இருந்தது.

அந்த ஊர் வாசிகசாலையில் நடந்ததை இந்த இடத்தில் நின்று சொல்லாமல் விட முடியாது. வேலை போனதால் நேரம் நிறையக் கிடைத்தது, புத்தகத்துக்குக் கட்டணமும் எடுபட்டது. அப்படியிருந்தும் இரவல் போன புத்தகங்கள் பாதியளவுக்குக் குறைந்துவிட்டன. நேரம் கிடைத்தால் வாசிப்பேன், ஆங்கிலம் படிப்பேன், கணினி பழகுவேன் என்று நாமெல்லாம் சொல்கிறோம். முடிவே தெரியாத நேரம் வந்தால் மனிதர் அப்படிச் செய்வதில்லை. காலையில் எழும்பி, பிறகு மத்தியானம் ஆகிவிடுகிறது. இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அந்த ஊர் ஆண்களால் சொல்ல முடியவில்லை. வீட்டில் சும்மா கிடக்கிறான் என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோர் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும். அது சோம்பல் என்று பிறவியில் வந்த குணம் இல்லை. வேலையில்லாத நிலை தருகிற விளைவுகளில் அதுவும் ஒன்று.

பின்னாளில் யகோடா இதை விரித்து எழுதினார். வேலை காசு மட்டுமா தருகிறது? நாளுக்கு ஒரு ஒழுங்கு தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதரைத் தருகிறது, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பைத் தருகிறது. ஊரில் ஒரு நிலையைத் தருகிறது, கைகால் அசைய ஒரு காரணத்தைத் தருகிறது. வேலை போனால் இத்தனையும் ஒன்றாகப் போகும்.

சரி, அந்த ஊரில் எல்லோரும் உடைந்துபோனார்களா? இல்லை. குடும்பங்களை ஆய்வாளர்கள் நான்காகப் பிரித்தார்கள்: உடையாமல் நின்றவர்கள், இவ்வளவுதான் என்று அடங்கியவர்கள், நம்பிக்கை இழந்தவர்கள், எதிலும் அக்கறையற்றுப்போனவர்கள். பிறகு அந்தக் குடும்பங்களின் மாத வருமானத்தை ஆள்கணக்கில் பார்த்தார்கள். உடையாதவர்களுக்கு 34 ஷில்லிங். அடங்கியவர்களுக்கு 30. நம்பிக்கை இழந்தவர்களுக்கு 25. கடைசிக் கூட்டத்துக்கு 19. மனவுறுதி என்று நாம் பெரிதாகப் பேசுவதற்கும் அதற்கு நேரெதிரான நிலைக்கும் நடுவில் இருந்தது பதினைந்து ஷில்லிங். இந்த நாலு எண்ணையும் பார்த்தபிறகு, மனதைத் திடப்படுத்திக்கொள் என்று யாருக்கும் வெறுங்கையோடு புத்தி சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மனதைத் தேற்றுவது ஒரு வேலை, காசைச் சமாளிப்பது வேறொரு வேலை என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் பிழை. இரண்டும் ஒரே கொப்பியில் எழுதவேண்டிய கணக்கு.

அதனால் வேலை போன வீட்டில் முதல் வேலை கொப்பி வாங்குவது. யாரிடம் எவ்வளவு கடன், லீசிங் எவ்வளவு, சீட்டு எத்தனை மாதம் மிச்சம், எந்த நகை எந்த வங்கியில் அடகில் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதி வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் பாருங்கள். வேலை போனதை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் சேட்டும் போட்டுக்கொண்டு காலையில் வெளிக்கிட்டுக் கடற்கரையில் போய் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மறைத்த மாதங்களில் வட்டி மறையவில்லை. தவணை தவறுமுன் லீசிங் கொம்பனிக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் அவர்களின் குரலே வேறு. நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுக்கிற பழக்கம் கிழக்கில் எத்தனை பெண்களின் தூக்கத்தைக் கெடுத்தது என்று இங்கே உள்ள அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வர வேண்டிய காசைக் கேட்டு வாங்குவதும் அந்தக் கொப்பியில் அடக்கம். நம் நாட்டில் வேலையில்லாதவருக்கென்று மாதக் கொடுப்பனவு கிடையாது. இருக்கிறதைத்தான் பார்க்க வேண்டும். தொழில் கொடுப்பவர் உங்கள் பேரில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்திலிருந்து போவது 8 வீதம். வேலை போய்விட்டது என்ற காரணத்துக்காக மட்டும் அதை எடுக்க முடியாது, வயது வர வேண்டும். ஆனால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு. தொழில் கொடுப்பவர் அதற்குக் கட்டும் 3 வீதத்தை, வேலையை விட்டால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. இதையெல்லாம் கேட்டால் முதலாளி கோபிப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்தான் ஏற்கெனவே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாரே! தொழிற் திணைக்களத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு, ஆற அமரப் போகலாம் என்று இருக்க வேண்டாம்.

அடுத்தது நாளின் ஒழுங்கு. இதைச் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். வேலைக்குப் போன காலத்தில் எழும்பிய நேரத்துக்கே எழும்புங்கள். விண்ணப்பம் எழுதுவதைக் காலையில் ஒரு நேரம் வைத்து முடித்துவிடுங்கள்; நாள் முழுக்க ஃபோனில் வேலை விளம்பரம் பார்ப்பது வேலை தேடுவதாகாது. பிறகு வெளியே போக ஒரு காரணம் வேண்டும். கோயில் திருவிழா வேலையோ, விளையாட்டுக் கழகமோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமோ, ஏதோ ஒன்று. பத்து மணிக்கு உங்களை யாரோ எதிர்பார்க்கிறார்கள் என்ற நிலைதான் முக்கியம். சம்பளம் இல்லாத வேலை எனக்கெதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி, கடைசியில் அதற்கு வருகிறேன்.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்லப்போகிறேன். அரச உத்தியோகத்துக்குக் காத்திருப்பது. 2017இல் கிழக்கிலும் வடக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலில் பந்தல் போட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2020இல் பட்டதாரிப் பயிலுனர்களாக எடுத்தபோது கொடுத்தது மாதம் 20,000 ரூபா. போராடியதில் நியாயம் உண்டு, விண்ணப்பிப்பதும் சரி. ஆனால் "நியமனம் வந்தபிறகு பார்ப்போம்" என்று கலியாணம், தொழில், படிப்பு எல்லாவற்றையும் பூட்டி வைத்த வீடுகளில்தான் நான் அதிகமாக நோயைக் கண்டேன். வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அடுத்த நாளே வேறொன்றில் கைவையுங்கள். மேசன் வேலை, வயரிங், சமையல் என்று வருடக்கணக்கில் செய்து பழகியவர்கள் திரும்பப் பாடநெறி முழுதும் இருந்து படிக்கத் தேவையில்லை. முன்கற்றலை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிற முறை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். எழுதப் படிக்கக் கூச்சப்படுகிற அண்ணாமாருக்கு இது பெரிய வாசல்.

தங்கச்சிமார் விஷயம் இன்னும் மோசம். ஆண்பிள்ளை வேலையில்லாமல் இருந்தால் ஊரே கேட்கும். பெண்பிள்ளை இருந்தால் "வீட்டோட இருக்கிறா" என்று முடித்துவிடுவார்கள். பட்டம் முடித்தவள் சமைத்து, அம்மம்மாவைப் பார்த்து, தம்பியின் பிள்ளையை நேர்சரிக்குக் கொண்டுபோய் விட்டு, இரவில் விண்ணப்பம் எழுதுகிறாள். அவள் வேலை தேடுகிறவள் என்று வீட்டிலேயே யாருக்கும் நினைப்பு இல்லை. நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு போக வேண்டும் என்றால் கூட்டிப்போக ஆள் இல்லை என்று அழைப்புக் கடிதம் அலுமாரிக்குள் போகிறது. அப்பாமார், இதில் நான் உங்களைத்தான் பார்த்துப் பேசுகிறேன். இரவு ரயில் இருக்கிறது, கூடப் போய் வாருங்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். விசிட் விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றித் தருவதாகச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். கணினி வேலை என்று சொல்லி மியன்மாரின் மோசடி முகாம்களில் நம் நாட்டுப் பிள்ளைகளை அடைத்து வைத்தது அண்மையில் நடந்தது.

தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, பின்னேரமானால் குடிக்க வேண்டும் போல இருக்கிறது, நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு செலவு குறையும் என்று நினைப்பு வருகிறது. இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை இருபத்துநான்கு மணித்தியாலமும் உண்டு. அரச வைத்தியசாலையில் காசும் இல்லை. ஊர் பார்க்கும் என்ற பயத்துக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு: ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கலியாண வீட்டில் "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையா?" என்று கேட்கிற மாமாமார் இங்கேயும் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு விளம்பரத்தையோ ஒருவரின் ஃபோன் இலக்கத்தையோ கொண்டு வாருங்கள்.

ஒரு துண்டு வந்திருக்கிறது. "சுயவிபரக் கோவையில் இரண்டு வருட இடைவெளியை என்ன செய்வது?" நல்ல கேள்வி. பொய் எழுதாதீர்கள், வெறுமையாகவும் விடாதீர்கள். மேசனுக்குக் கைவேலைக்குப் போயிருந்தால் அதை எழுதுங்கள், வருத்தக்கார அப்பாவைப் பார்த்திருந்தால் அதை ஒரு வரியில் எழுதுங்கள். இவரைத் தெரியும் என்று சொல்ல அண்மையில் உங்கள் வேலையைக் கண்ட ஒருவரின் பெயர் வேண்டும். சம்பளம் இல்லாத வேலை எதற்கென்று கேட்ட தம்பிக்கும் இதுதான் பதில்: கழகச் செயலாளரோ, நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் தகப்பனோ அந்தப் பெயராக வரலாம். கோவையைக் கையோடு கொண்டு வந்தவர்கள் போய்விட வேண்டாம். நூலகர் ஏழு மணிவரை திறந்து வைக்கிறேன் என்றிருக்கிறார், அந்தக் கடைசி மேசையில் இருப்பேன்.